படுகைமேட்டில் விழாத ஓட்டு

12 நவம்பர் 2007, திங்கள்

தீபாவளி விடுப்பு முடிந்து அலுவலகம் போனால் மேசையில் ஒரு குறிப்பாணை உட்கார்ந்திருக்கிறது. மறுசீரமைப்பில் நம் செங்கழனி சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போகப் போகிறதாம். அதற்குள் 1952 முதல் 2006 வரை நடந்த பதின்மூன்று தேர்தல்களின் வரலாற்றையும் ஒரு சிறு புத்தகமாகத் தொகுக்க வேண்டுமாம். யார் தொகுப்பது? தேர்தல் துணை வட்டாட்சியர் த. திரிபுரசுந்தரி. அதாவது நான். சாகக் கிடக்கிற தொகுதிக்கு ஜாதகம் எழுதச் சொல்கிறார்கள்.

வட்டாட்சியர் சுகுமாறன் சாரிடம் போய், "பட்டியல் திருத்த வேலையே தலைக்கு மேல கெடக்கு சார், இதையும் நானே பாக்கணுமா?" என்றேன். "உங்கள விட்டா யாரும்மா பொறுமையா உக்காந்து எழுதுவாங்க?" என்றார். என் இருபத்து மூன்று வருடச் சர்வீஸில் என்னைப் பொறுமைசாலி என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வீட்டில் மோட்டார் ரிப்பேர். அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குக் கிளம்பிவிட்டார். எழுபத்தொன்பது வயதில் இந்த வீரமெல்லாம் தேவையா என்று பிடுங்கி வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

15 நவம்பர், வியாழன்

பதிவறை எழுத்தர் காதர் மொய்தீன் பழைய தேர்தல் கோப்புக் கட்டுகளை இறக்கிக் கொடுத்தார். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோனது.

1957 கட்டில் ஒரு தாள். அந்தக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். எண்ணும்போது பெட்டிகளில் சீட்டைத் தவிர என்னென்ன இருந்தன என்று அப்போதைய தேர்தல் அதிகாரி பட்டியல் போட்டிருக்கிறார். குங்குமப் பொட்டலம் பதினாறு. மஞ்சள் துணியில் முடிந்த வேண்டுதல் மூன்று. காணாமல் போன மகனைத் தேடித் தரச் சொல்லி ஒரு கடிதம். 'கிணறு' என்று ஒரே ஒரு சொல் எழுதிய துண்டுச் சீட்டு.

நானும் எத்தனையோ தேர்தல் பார்த்தவள்தான். எங்களுக்கு அது படிவம், வாகனம், சாப்பாட்டுப் பொட்டலம், தூக்கமின்மை. அந்தப் பெட்டிக்குள் கிணற்றைக் கேட்டவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய பெட்டியாக இருந்திருக்க வேண்டும். டீ ஆறிப்போனது தெரியாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 நவம்பர், புதன்

1977இல் ஆற்றில் வெள்ளம். அக்கரைக்குப் பெட்டி போக முடியவில்லை. அக்கரைக்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் துணியைத் தலையில் சுமந்துகொண்டு இக்கரை வந்து, துணி மாற்றி, வரிசையில் நின்றிருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நாற்பது பெண்கள். 1984இல் கட்டிலோடு ஒருவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். வாக்களித்துத் திரும்பும் வழியில் உயிர் போய்விட்டது. சாவடி அதிகாரி நாட்குறிப்பில், 'மை காயவில்லை' என்று எழுதியிருக்கிறார். அலுவலகக் குறிப்பில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன்.

1962 கட்டு மட்டும் அகப்படவில்லை என்றார் காதர். அவசரமில்லை என்று சொன்னேன்.

22 நவம்பர், வியாழன்

காதர் 1962ஐப் பற்றி மறுபடியும் கேட்டார். மெதுவாகப் பார்க்கலாம் என்றேன்.

26 நவம்பர், திங்கள்

கட்டு கிடைத்துவிட்டது. காதருக்கு எப்போதும் இல்லாத சுறுசுறுப்பு.

எழுதித்தானே ஆக வேண்டும். 1962 தேர்தலில் தராசு சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தணிகாசலம் என் அப்பா. படுகைமேடு என்ற ஊரில் கம்பவுண்டராக இருந்தார். ஆற்றுக்கு அக்கரை, பரிசலில்தான் போக வேண்டும், சுற்றுவட்டாரத்தில் வேறு வைத்தியம் கிடையாது. 'டாக்டரு' என்றே கூப்பிடுவார்களாம். ஆற்றுக்குப் பாலம் வேண்டுமென்று தேர்தலில் நின்று, தோற்று, அந்த வாரமே அம்மாவை அழைத்துக்கொண்டு செங்கழனிக்கு வந்து மருந்துக் கடையில் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடம் நான் பிறந்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படுகைமேடு என்று யாராவது சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார். தேர்தல் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். தேர்தல் அதிகாரியின் அப்பாவே ஓட்டுப் போடுவதில்லை என்று அலுவலகத்தில் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

முடிவுத் தாளைப் பார்த்தேன். ரங்கபாஷ்யம் 18,702. தணிகாசலம் 18,412. வித்தியாசம் 290. அடேயப்பா, ஒரு கம்பவுண்டர் பதினெட்டாயிரம் ஓட்டு வாங்கியிருக்கிறார். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சாவடி வாரியாகப் பார்த்தேன்.

சாவடி எண் 47, படுகைமேடு. பதிவானவை 355. ரங்கபாஷ்யம் 338. மூன்றாவது ஆள் 11. செல்லாதவை 6. தணிகாசலம் 0.

கூட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது. நான்கு தடவை கூட்டினேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தச் சாவடியில்தான் ஓட்டு.

27 நவம்பர், செவ்வாய்

மோட்டார் சரியாகிவிட்டது. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாத எதைச் சொல்லப் போகிறேன்?

அம்மா படத்துக்குப் பூ மாற்றினேன். அவள் போய் ஒன்பது வருடமாகிறது. அவள் ஏன் போடவில்லை என்று யாரிடம் கேட்பது?

3 டிசம்பர், திங்கள்

சுகுமாறன் சார் கைப்பிரதியைப் புரட்டினார். 47ஆம் சாவடியில் நின்றார். "சொந்த ஊர்ல சைபரா? இதத் தனியாக் கட்டம் கட்டிப் போடுங்கம்மா, படிக்கிறவன் சிரிப்பான்" என்றார்.

"அவர் எங்கப்பா சார்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பாவம், நல்ல மனிதர். "சரி, அப்ப எடுத்துடுங்க" என்றார். எடுக்க மாட்டேன், ஏனென்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன் என்றேன். இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

9 டிசம்பர், ஞாயிறு

சாவடிகளைப் படமெடுக்கிறேன் என்ற சாக்கில் படுகைமேடு போனேன். இப்போது பாலம் இருக்கிறது, 1991இல் கட்டியது. பஸ் நாலு நிமிடத்தில் ஆற்றைத் தாண்டிவிட்டது.

பள்ளிக்கூடத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த அம்மாள் என்னையே உற்றுப் பார்த்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். "யாரு நீங்க?" என்றார். தாலுகா ஆபீஸ் என்றேன். "ஆபீஸ் இருக்கட்டும், உங்க மூஞ்சி சௌந்தரவல்லி மூஞ்சில்ல?" என்றார்.

அது என் அம்மாவின் பெயர். அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். பெயர் பூரணத்தம்மாள். அப்பா இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறார் என்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் நேராகவே கேட்டேன். "அவருக்கு ஏன் ஒருத்தர்கூட ஓட்டுப் போடல?"

"சத்தியம் பண்ணியிருக்கோம், சொல்லக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் கடையைப் பார்த்தார். பிறகு, "பண்ணவங்க முக்காவாசிப் பேரு போயிட்டாங்க. நானும் போயிட்டா அவருக்கு யாரு சொல்றது?" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை மறப்பதற்கு முன்னால் அப்படியே எழுதுகிறேன்.

"பொம்பளைங்கதான் மொதல்ல பேசுனோம். டாக்டரு ஜெயிச்சா மெட்ராசுக்குப் போயிடுவாரு, அப்பறம் ஒரு வலி, ஒரு பாம்புக்கடின்னா யாரு பாக்குறது? ஆம்பளைங்க ஒத்துக்கல. அவரு நிக்கிறதே நம்ம பாலத்துக்குத்தானேன்னாங்க. நான் அப்ப நெறமாசம். பாலம் எப்பவோ வரும், எம் புள்ள இந்த மாசம் வருதே, அதுக்கு யாரு வருவான்னு நான்தான் கேட்டேன். அதுக்கு மேல யாரும் பேசல. மாரியம்மன் கோயில்ல கற்பூரம் ஏத்துனோம். தராசுல ஒரு குத்துகூட விழக் கூடாது, அவருக்குத் தெரியவும் கூடாதுன்னு ஒவ்வொருத்தரா கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணோம்."

"எங்கம்மா?"

"கடைசியா வந்து அணைச்சது அவங்கதான். எனக்கும் இந்த ஊரை விட்டுப் போக மனசில்ல பூரணம்னாங்க."

தோற்றுவிட்டார் என்று செய்தி வந்ததும் ஊரே துள்ளியதாம். ஆஸ்பத்திரிக் குடிசைக்கு வெள்ளையடித்து, வாழைமரம் கட்டி, அப்பா பரிசலிலிருந்து இறங்கும்போது கரையில் மேளத்தோடு நின்றார்களாம். "அவர் இங்கயே இருக்கப் போறாருன்னு எங்களுக்குச் சந்தோசம். தோத்து வர்ற மனுசன் முன்னாடி மேளம் அடிக்கிறோமேன்னு ஒருத்தருக்கும் தோணல தாயி. அவரு எங்க மூஞ்சியப் பாக்காமலே நடந்தாரு. மறுநாள் காலையில பொட்டியோட பரிசல் ஏறிட்டாரு. கோவம் தணிஞ்சு ஒரு வாரத்துல வந்துடுவாருன்னுதான் இருந்தோம்."

முந்நூற்று முப்பத்தெட்டு பேர். ஒரு மனிதரை ஊரில் நிறுத்திக்கொள்ள ஒரு பாலத்தை வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். பதின்மூன்று தேர்தலைப் படித்துவிட்டேன், இப்படி ஒரு ஓட்டை எங்கும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். "உங்களுக்கு என்ன குழந்தை?"

"அவரு போன பன்னெண்டாம் நாள் வலி எடுத்துச்சு. பரிசல்ல கொண்டு போனாங்க. பாதி ஆத்துலயே பொறந்துச்சு, தங்கல" என்றார். கடைக்கு வந்த பெண்ணுக்குச் சீயக்காய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "நான்தானே கேட்டேன் அந்தக் கேள்விய" என்றார்.

10 டிசம்பர், திங்கள்

அப்பாவிடம் இன்று சொல்ல முடியவில்லை. காஸ் சிலிண்டர் வந்தது.

14 டிசம்பர், வெள்ளி

அப்பாவுக்குச் சளி. உடம்பு தேறட்டும்.

20 டிசம்பர், வியாழன்

சளி போய்விட்டது. பட்டியல் திருத்த வேலை அதிகம். ஊர் அவரை வெறுக்கவில்லை என்று சொன்னால் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது, அப்பாவிடம் அது எடுபடவும் செய்யாது.

30 டிசம்பர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான் படுகைமேடு போனேன்" என்றேன். எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கற்பூரம், சத்தியம், மேளம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா பேரைச் சொல்லாமல் நிறுத்தினேன்.

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "உங்கம்மாவும் அணைச்சாளா?"

"ஆமாப்பா."

அப்பா சிரித்தார். இப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை, பயமாகவே இருந்தது.

"ஓட்டுப் போட்டுட்டு வந்த அன்னிக்கு, தராசுல குத்திட்டேன்னு உங்கம்மா சொன்னா. நீங்க யாருக்குக் குத்துனீங்கன்னு அவ கேட்டா. நானும் குத்திட்டேன்னேன். நாலு நாள் கழிச்சு எண்ணிக்கைத் தாள் வருது. சைபர். அவ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் சொன்னது பொய்யின்னு அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. முப்பத்தாறு வருசம் ஒரே வீட்டுல இருந்தோம். அவளும் கேக்கல, நானும் கேக்கல."

"நீங்க ஏம்ப்பா உங்களுக்குப் போட்டுக்கல?"

"தனக்குத் தானே குத்திக்கிறது அசிங்கம்னு நெனைச்சேன்" என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுமட்டும் காரணமில்லை என்று அவருக்கே தெரியும். "முத்திரையக் கையில எடுத்துட்டேன் திரிபுரா. வெளிய வரிசையில ஒரு பொண்ணு நெறமாசமா, ரெண்டு கையாலயும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நான் மெட்ராசு போயிட்டா இவளை யாரு பாக்குறதுன்னு ஒரு நெனப்பு. அவ்வளவுதான். எதிராளி பேருல குத்திட்டு வந்துட்டேன்."

"அப்பறம் ஏன் ஊரை விட்டு வந்தீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"நான் வேண்டாம்னு நெனைச்சது வேற. அவங்க எல்லாரும் என்னை வேண்டாம்னது வேற" என்றார்.

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. ஒரு ஊர் முழுக்க ஒரே விஷயத்தை விரும்பியிருக்கிறது. அவரும்தான். அதற்காக எல்லோரும் ஓட்டுப் போட்டு, எல்லோரும் ஜெயித்து, கடைசியில் யாருக்கும் அது கிடைக்கவில்லை.

பிறகு அவர் கேட்டார். நான் பயந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான்.

"அந்தப் பொண்ணு, பூரணம்னு பேரு. அவளுக்கு என்ன பொறந்துச்சு?"

சொன்னேன். பன்னிரண்டாம் நாள் என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். சாம்பார் வைக்கவில்லை. ரசம் மட்டும்தான்.

6 ஜனவரி 2008, ஞாயிறு

அப்பாவோடு படுகைமேடு. பாலத்தில் பஸ் ஏறியதும் இறக்கிவிடச் சொன்னார். மீதியை நடந்தே போனோம்.

பூரணத்தம்மாள் கடையிலிருந்து எழுந்து வந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். "தப்புப் பண்ணிட்டேன் பூரணம்" என்றார் அப்பா. "நீங்க எங்க பண்ணீங்க" என்றார் அவர். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருவராக வந்து, நான் இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவரவர் வீட்டு நோயைச் சொல்லி விசாரித்தார். நாற்பத்தாறு வருடம் கழித்தும் ஒன்றுகூட மறக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பச் சொன்னேன். நீ போ, ரெண்டு நாள் கழித்து வருகிறேன் என்றார்.

15 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். தனியாகத்தான் வைத்தேன். அப்பா இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் இருக்கிறாராம். இரத்த அழுத்த மாத்திரையை யார் யார் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போடுகிறாராம். தொலைபேசியில் பூரணத்தம்மாள் சொன்னார்.

25 ஜனவரி, வெள்ளி

அப்பா வந்தார். துணி எடுக்கத்தான். "என் பேரைப் படுகைமேடு பட்டியல்ல சேத்துடு" என்றார்.

"நெனைச்ச எடத்துலல்லாம் சேக்க முடியாதுப்பா. அங்க நெசமாவே குடியிருக்கணும்" என்றேன்.

"அப்ப இருந்துட்டுப் போறேன்" என்றார். படிவம் 6ஐ வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கம்பவுண்டர் கையெழுத்தில் நிரப்பினார். அவர் தேர்தல் படிவத்தைத் தொட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

8 பிப்ரவரி, வெள்ளி

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. 1962 பக்கத்தில் கட்டம் எதுவும் இல்லை. சாவடி 47இன் எண்களை அப்படியே கொடுத்திருக்கிறேன். விளக்கம் எழுதவில்லை. சத்தியம் அவர்களுடையது.

11 பிப்ரவரி, திங்கள்

அப்பாவின் படிவத்துக்கு விசாரணை அறிக்கை வந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதுவது கிராம நிர்வாக அலுவலரின் வேலை. மனுதாரர் அந்த முகவரியில் எப்போதிலிருந்து வசிக்கிறார் என்ற இடத்தில், '1958 முதல்' என்று எழுதியிருந்தது. அப்பா கம்பவுண்டராகப் படுகைமேட்டில் கால் வைத்த வருடம் அது.

கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டு, "என்னய்யா இது? அவர் வந்து ஒரு மாசம்தானே ஆவுது?" என்றேன்.

"பதினோரு வீட்டுல கேட்டேன் மேடம். அத்தன பேரும் இதே வருசத்தத்தான் சொல்றாங்க. நடுவுல எங்கயாவது போனாரான்னும் கேட்டேன். இல்லைங்கிறாங்க" என்றார்.

சொந்த அப்பாவின் படிவத்தில் நான் முடிவெடுக்கக் கூடாது. சுகுமாறன் சார் மேசையில் கொண்டு வைத்தேன். படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்பத்தெட்டுலேருந்தாம்மா?"

"ஊரே சொல்லுது சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.